இரண்டடி தள்ளிப் போட்ட கோடு

கால்பந்து மைதானத்தில் கோடு போடும் வண்டியைத் தள்ளத் தொடங்கிவிட்டால் அவளை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். திரும்பினால் தோள் அசையும், தோள் அசைந்தால் கோடு வளையும். இரண்டு முனையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே ஒரே நடையாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்து, "என்ன வேணும்? சொல்லித் தொலை" என்பாள். அணியில் கோச் முதல் கடைசி மாற்று ஆட்டக்காரன் வரை எல்லோருக்கும் அவள் லைனக்கா. வெளியூர் ரெஃப்ரி ஒருவர் ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அவளைத் தேடி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

அந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, ஒன்பது வயதுத் தம்பி அவள் கைக்கு வந்தான். அவளுக்கு அப்போது இருபது. அவனை வீட்டில் தனியாக விட மனம் வராமல் பூங்காவுக்கே கூட்டிப்போவாள். அவள் ஒரு மூலையில் புல் வெட்ட, அவன் இன்னொரு மூலையில் இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யார் பந்தை உதைத்தாலும் பாய்ந்து விழுவான். "புல்லை வளர்க்கிறது நீ, மொட்டை அடிக்கிறது உன் தம்பி. நல்ல குடும்பம்மா" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

பதினேழு வயதில் அவன் ஆறடியைத் தாண்டிவிட்டான். நெட்டை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. "சட்டை எடுத்தா கை பத்தல, கட்டில் வாங்கினா கால் பத்தல, இவனை என்னதான் பண்றது" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாதி பெருமை.

அவனுக்கு இருபது வயதானபோதுதான் டைல்ஸ் தொழிற்சாலை முதலாளிக்குக் கால்பந்து ஆசை வந்தது. ஊரில் சிலர் வீடு கட்டுவார்கள், சிலர் தேர்தலில் நிற்பார்கள். இவர் அணி வாங்கினார். தொழில்முறை லீக்கின் மூன்றாம் பிரிவில், கடைசிப் படியில் ஓர் இடம் காலியாக இருந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் களிமண் கொட்டிவைத்திருந்த நிலத்தைச் சமப்படுத்தி, புல் விரித்து, ஒரு பக்கம் ஆறு வரிசை இரும்பு இருக்கை போட்டார். அணிக்கு வைத்த நீளமான பெயரை யாரும் சொல்லவில்லை. ஊர் முழுக்க டைல்ஸ் டீம்தான்.

தேர்வு நாளில் நெட்டை பதினாறு பந்துகளில் பதிமூன்றைப் பிடித்தான். பிடித்துவிட்டுச் சும்மா இருந்தானா? "சார், கோடெல்லாம் குடிகாரன் நடந்து போன மாதிரி இருக்கு. எங்கக்கா போட்டா ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கும்" என்றான். கோச் சிரித்துவிட்டு, "உனக்கு வேலை கேட்க வந்தியா, உங்கக்காவுக்கா?" என்றார்.

"ரெண்டு பேருக்கும்தான் சார். மாமா வண்டி நல்லா ஓட்டுவாரு, அதையும் மனசுல வெச்சுக்கங்க."

ஒரு மாதத்தில் தம்பி கோல்கீப்பர், அக்கா மைதானப் பொறுப்பு, அவள் கணவன் அணியின் வேன் ஓட்டுநர். "இந்த டீமுக்கு ஜுரம் வந்தா நம்ம வீட்டுல மூணு பேருக்கும் மாத்திரை போடணும்" என்று கணவன் சொல்வான். அவன் எதையும் வேடிக்கையாகத்தான் சொல்வான்.

முதல் வருடம் பார்க்க ஆளே வரவில்லை. பந்து வேலிக்கு வெளியே போனால் ஆட்டக்காரர்களே ஏறிக் குதித்து எடுத்துவந்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பதினோராவது இடம். இரண்டாம் வருடம் ஏழாவது. மூன்றாம் வருடம்தான் வருடம். செங்கல் நிறச் சட்டை போட்டவர்கள் பஸ்ஸில் தென்பட ஆரம்பித்தார்கள். இருக்கைகள் போதாமல் தொழிற்சாலையின் சுவர்மேல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நான்காவது இடத்தில் முடித்தபோது முதலாளி மைதானத்துக்குள் செருப்போடு ஓடிவந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தார். லைனக்கா மட்டும், "சார், செருப்பு! புல்லு!" என்று கத்தினாள். அவர் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பேரைக் கட்டிப்பிடித்தார்.

நெட்டையைப் பார்க்கவே வந்தவர்கள் இருந்தார்கள். அவன் மற்ற கோல்கீப்பர்களைப் போலக் கம்பங்களுக்கு நடுவே காவல் நிற்பதில்லை. எதிரி ஓடி வருவது தெரிந்தால் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பாக்ஸின் விளிம்பு வரைக்கும் பாய்ந்து போய்ப் பந்தை அள்ளிவிடுவான். விளிம்புக்கு அந்தப் பக்கம் கையில் தொட்டால் குற்றம், இந்தப் பக்கம் தொட்டால் வித்தை. ஓடும்போது தரையைப் பார்க்க நேரம் ஏது? உடைமாற்றும் அறைப் பக்கத்துக் கோலில் நிற்கும்போது ஓரத்து விளக்குக் கம்பம்தான் அவனுக்கு அடையாளம். கம்பத்துக்கு நேராக வந்தால் பாக்ஸ் முடிந்தது என்று அர்த்தம். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவன் தவறவில்லை.

நான்காம் வருடம் எல்லாம் சரிந்தது. டைல்ஸ் விற்பனை படுத்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வேறு அணிக்குப் போனார்கள். கடைசி ஆட்டம் வந்தபோது நிலவரம் இதுதான்: சமன் செய்தால் மூன்றாம் பிரிவில் தங்கலாம், தோற்றால் தொழில்முறை லீக்கை விட்டே இறங்க வேண்டும். "இறங்கினா கடையைச் சாத்திடுவேன். மறைக்க ஒண்ணுமில்ல" என்று முதலாளி எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பயிற்சியில் நெட்டை வழுக்கி விழுந்தான். உடைமாற்றும் அறைப் பக்கத்துக் கோலின் வாயில் புல் முழுக்கத் தேய்ந்து சேறாகிக் கிடந்தது. அங்கேயே அடுத்த நாளும் விழுந்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவனைப் பார்த்ததும் அவள் போய் அந்தச் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

சீசன் நடுவே கோட்டை நகர்த்தக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். விடுமுறையில்தான் நகர்த்துவாள். பழைய கோட்டை மண்வெட்டியால் மெல்லச் சீவி, புதுப் புல் பதித்து, மூன்று வாரம் விட்டுத்தான் அடுத்த கோடு. இந்த முறை அந்தச் சட்டத்தை அவளே மீறினாள். கோல்போஸ்டை இரண்டடி பின்னால், நல்ல புல் இருந்த இடத்துக்குத் தள்ளி நடலாம் என்று கோச்சிடம் கேட்டாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நீளம் இரண்டடி கூடினால் தவறில்லை என்றார். வெள்ளிக்கிழமை கணவனும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் சேர்ந்து குழி தோண்டிக் கம்பங்களை நட்டார்கள்.

அந்தப் பக்கத்துக் கோடெல்லாம் இரண்டடி பின்னால் போனது. பழைய கோடுகளின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து மறைத்துக்கொண்டே வந்தாள். கோலின் வாயை முடித்தாள், பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியை முடித்தாள், பக்கவாட்டுக் கோடுகளையும் முடித்தாள். பாக்ஸின் முன்கோட்டுக்கு வந்தபோது டின் காலி. கடை அடைத்திருந்தது. கொட்டகையில் சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சைப் பவுடர் இருந்தது. தண்ணீரில் கரைத்து அந்த நாற்பத்துநான்கு கெஜத்துக்கும் பூசினாள். நிமிர்ந்து பார்த்தாள். புல்லும் பூச்சும் வித்தியாசம் தெரியவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், காது கேக்குதா? இந்தப் பக்கம் நிக்கும்போது விளக்குக் கம்பத்தைப் பார்க்காத. எல்லாம் ரெண்டடி தள்ளிப் போயிருக்கு."

"அப்ப எதைப் பார்க்கறது?"

"என் கோட்டைப் பாரு."

"உன் கோட்டைப் பார்க்காம வேற யார் கோட்டைப் பார்க்கப் போறேன்?" என்று அவள் தலையில் தட்டிவிட்டு ஓடினான்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நெட்டை உடைமாற்றும் அறைப் பக்கம் வந்தான். பத்தாவது நிமிடம் மழை பிடித்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியாத மழை. சுவர்மேல் இருந்தவர்கள் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு கத்தினார்கள். அவள் கொட்டகை வாசலில் நின்று, நல்ல தரையில் உறுதியாகக் கால் ஊன்றி நிற்கும் தம்பியைப் பார்த்து மனதுக்குள் நிம்மதியானாள்.

அப்புறம்தான் பச்சைத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள். பாக்ஸின் முன்னால் புதுக்கோடு பளிச்சென்று இருந்தது. அதற்கு இரண்டடி அப்பால், கரைந்து போன பூச்சுக்கு அடியிலிருந்து இன்னொரு கோடு எழுந்து வந்துகொண்டிருந்தது. மங்கலாக, ஆனால் நேராக. அவள் போட்டதல்லவா, நேராகத்தான் இருக்கும்.

அடுத்த முறை பந்து வெளியே போகட்டும், ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆட்டம் நின்றால் குற்றம் மைதானக்காரர்கள் மேல்தான் வரும் என்பதும் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் போனது. பந்து வெளியே போகவில்லை.

எதிரணியின் முன்னாட்டக்காரன் பந்தோடு தனியாக வந்தான். நெட்டை பாய்ந்தான். ஓடும் வேகத்தில் புதுக்கோட்டை அவன் கால் தாண்டியது. கண் முன்னால் கிடந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் பந்தை மார்போடு அணைத்து விழுந்து, அந்தக் கோட்டின் மேலேயே சறுக்கிப் போனான். சுவரெல்லாம் கைதட்டியது. லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தது.

"உள்ளதான் சார் இருந்தேன்!" என்று அவன் எழுந்து நின்றான். ரெஃப்ரி அவன் குதிகாலுக்குப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தான். பின்னால் கோடு இருந்தது. முன்னால் குனிந்து பார்த்தான். அவனே உழுதுவிட்ட சேறுதான் இருந்தது. சிவப்பு அட்டை. மாற்றுக் கோல்கீப்பர் கையுறையை மாட்டி முடிப்பதற்குள் ஃப்ரீகிக் எடுத்தார்கள். பந்து அவன் விரல் நுனியைத் தடவி உள்ளே போனது.

ஒன்றுக்குப் பூஜ்யம். டைல்ஸ் டீம் முடிந்தது.

உடைமாற்றும் அறையில் முதலாளி எல்லோருக்கும் நன்றி சொன்னார். நெட்டையின் தோளைத் தொடப் போனவர் என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். வேனில் அவன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஈரத் தலை. பல் தந்தியடித்தது.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்குடா?"

"நீ சொன்னியே, கோட்டைப் பாருன்னு. பழக்கதோஷத்துல கம்பத்தைப் பார்த்துட்டேன் போல. கோடு மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது... என் கண்ணுதான்."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பவுடர் கரைக்கும்போது வாளி பிடித்தவன் அவன்தான். அவள் வாயைத் திறந்தாள். "தலையைத் துவட்டு" என்று மட்டும்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மைதானத்துக்குப் போனாள். மழையில் நன்றாகக் கழுவப்பட்டுப் பழைய கோடு இரு ஓரங்களிலும் தெளிவாகத் தெரிந்தது. அதை யாரிடமாவது காட்டியிருக்கலாம். மண்வெட்டியை எடுத்து, நாற்பத்துநான்கு கெஜத்தையும் சீவி எறிந்து, தடம் தெரியாதபடி சேற்றை மேலே இழுத்துவிட்டாள். தான் ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். லீக்கிலிருந்து ஆள் வந்தால் அணிக்கு இன்னும் தண்டனை வருமே என்றுதான் அன்று தோன்றியது. ஆள் யாரும் வரவில்லை. மூன்று வாரத்தில் அணியைக் கலைத்துவிட்டார்கள். காப்பாற்ற அணி இல்லாமல் போன பிறகும் அவள் சொல்லவில்லை. பிறகு சொல்வதென்றால், சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அது கனத்துக்கொண்டே போனது.

யாரோ செல்போனில் எடுத்த காட்சி ஊரெல்லாம் சுற்றியது. கோட்டுக்கு வெளியே பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும் நெட்டை. பின்னணியில் சிரிப்புப் பாட்டு. பஸ்ஸில் படியில் நின்றால், "உள்ள வா தம்பி, இன்னும் வெளியிலதான் நிக்கற" என்பார்கள். கடையில் வரிசையில் நின்றால், "கோடு தெரியுதா நெட்டை?" என்பார்கள். முதலில் அவனும் சிரித்தான். இரண்டாம் பிரிவு அணி ஒன்று அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"என்னடா?"

"வெளிய வர்றதுதான்க்கா என் ஆட்டம். எங்க நிக்கறேன்னே தெரியாதவன் எப்படி வெளிய வர்றது?"

கையுறைகளை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஒரு கிடங்கில் பளு தூக்கும் வண்டி ஓட்டப் போனான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போனான். அவள் ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் புல் வெட்டும் வேலைக்குப் போனாள். அங்கே கோடு எதுவும் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மதியம் அவன் சாப்பிட வருவான். ஒவ்வொரு சனிக்கிழமையும், நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வாள். கணவன், "ஆறின புண்ணை ஏன் நோண்டற?" என்பான். ஆறவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

ஆறு வருடம் இப்படியே போனது.

அந்த ஞாயிறு அவன் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "கோச் போன் பண்ணாரு. வேற ஊர்ல ஒரு புது டீம் எடுத்திருக்காராம். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க வர்றியான்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன். புதன்கிழமை வரைக்கும் யோசின்னாரு. யோசிக்க என்ன இருக்கு? 'எங்க நிக்கணும் சார்'னு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது? சிரிப்பாங்க."

கணவன் தட்டைப் பார்த்தபடி, "குழம்பு ஊத்தவா மாப்ள?" என்றான்.

"போதும் மாமா."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்து நின்றுகொண்டே சொன்னாள். டின் காலியானதைச் சொன்னாள். பவுடரைச் சொன்னாள். மழையில் கோடு எழுந்ததைப் பார்த்ததைச் சொன்னாள். "நீ கம்பத்தைப் பார்க்கலடா. என் கோட்டைத்தான் பார்த்த. ரெண்டு கோடு இருந்துது. உன் கண்ணு நல்லாத்தான் இருந்துது."

அவன் கை தட்டிலேயே நின்றது. "மறுநாள் போய்ப் பார்த்தனே. ஒண்ணும் இல்லையே அங்க."

"காலையிலயே நான் வெட்டி எடுத்துட்டேன்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. முதலில் சொன்னதையெல்லாம் கேட்டபோது முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. இதைக் கேட்டதும் அது அப்படியே இறுகிப் போனதை அவள் பார்த்தாள்.

"நான் மத்தியானம் போனேன்க்கா. மண்டியிட்டுத் தேடினேன். கோடு தெரிஞ்சுதேன்னு. இல்லைன்னதும்தான்..." கணவன் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் தெரியும்?"

"மாப்ள, அது வந்து..."

"ஆறு வருஷம் இந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். எத்தனை ஞாயித்துக்கிழமை? வேன்ல உங்கிட்ட மன்னிப்பு கேட்டேன்க்கா நான். நீ தலையைத் துவட்டுன்ன."

"உனக்காகத்தான்டா நகர்த்தினேன். நீ விழுந்துட்டே இருந்த..."

"அது தெரியும். நகர்த்தினதுக்கு ஒண்ணும் இல்ல. மழைக்கும் ஒண்ணும் இல்ல. அன்னைக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். 'லைனக்கா கோட்டை விட்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லி உன் மானத்தை வாங்கிட்டு, அடுத்த வாரம் தேர்வுக்குப் போயிருப்பேன்." கையைக் கழுவிவிட்டு வந்தான். அவள் நீட்டிய துண்டை வாங்காமல் சட்டையில் துடைத்துக்கொண்டான். வாசலில் வழக்கம்போலக் குனிந்தான், நிலைப்படி இடிக்காமல் இருக்க. போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கணவன் கிடங்குக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னான்: "கோச்சோட ஊருக்குப் போயிட்டான். புதன்கிழமையே சரின்னு சொல்லியிருக்கான். அறையைக் காலி பண்ணிட்டான்."

"என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

அவன் வேடிக்கையாக எதுவும் சேர்க்கவில்லை.

நாலைந்து முறை போன் செய்தாள். மணி அடித்து நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டாள். எடுத்துவிட்டான்.

"வேலைல இருக்கேன்" என்றான். வேறு யாரிடமோ பேசுவதுபோல இருந்தது.

"சாப்பிட்டியா?"

அவன் துண்டிக்கவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டான் போலிருக்கிறது. விசில் சத்தம் கேட்டது. பந்து கையில் அறையும் சத்தம், பலபேர் மூச்சிரைப்பது, பிறகு சற்றுத் தள்ளி அவன் குரல், அவளுக்கு மறந்தே போயிருந்த அந்தப் பழைய குரல்: "பயப்படாம வெளிய வா! இன்னும் வா! இன்னும் ரெண்டடி வரலாம், வா!"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு புல்லின்மேல் உட்கார்ந்தாள். மூச்சு விடும் சத்தம்கூட அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. அவன் போனை எடுத்தது தெரிந்தது. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். துண்டித்துவிட்டான்.